மூடியும் தூங்காத லேப்டாப்

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி அண்ணா சாலைக்கு வந்தபோது மணி பதினொன்று. தோளில் லேப்டாப் பை. பைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல நடந்தேன். உள்ளே இருப்பதன் இடது கீல் விட்டுப்போய் ஒரு வாரம் ஆகிறது. திறக்கும்போதெல்லாம் ‘கடக்’ என்று ஒரு சத்தம். திரைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் வாயைப் பிளந்து உள்ளே ஒயர் தெரிகிறது.

எனக்குத் தொழில் புரூஃப் பார்ப்பது. பதினான்கு அங்குலத் திரையில் ஒற்றெழுத்தின் புள்ளி இருக்கிறதா, போய்விட்டதா என்று நாள் முழுக்கக் குனிந்து பார்த்ததில் கழுத்தும் லேப்டாப்பின் கீலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேய்ந்தன. கழுத்துக்கு மருத்துவர் சொன்னது, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும் என்பது. ஆகவே செகண்ட்ஸில் ஒரு மானிட்டர் வாங்க வேண்டும், கீலையும் சரிசெய்ய வேண்டும். சென்னையில் இந்த இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடியும்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஒரே பெயராகச் சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. தெருவில் நுழைந்ததுமே “என்ன சார் பாக்கறீங்க, சிசிடிவியா, பிரிண்டரா?” என்று நாலு பேர் கேட்பார்கள். பதில் சொல்லாமல் நடப்பதுதான் வழக்கம். தள்ளுவண்டிக்கு ஒதுங்கி, அட்டைப்பெட்டி சுமந்து வருபவருக்கு ஒதுங்கி, மாடியில் இருக்கும் சர்வீஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்கிறார்கள். அவர் கல்லாவில் இருக்கிறார். வேலை பார்ப்பது ஒரு தம்பி, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நெற்றியில் கட்டிய லைட்டோடு குனிந்திருந்தார்.

லேப்டாப்பை வாங்கி, திறக்காமல் முதலில் கீலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“ஹிஞ்ச் நல்லாத்தான் இருக்கு சார். அத புடிச்சிருக்கற பேக் பேனல்தான் போச்சு. ஸ்க்ரூ ஏறுற பித்தளைக் குழாய் பேத்துக்கிட்டு வந்துடுச்சு. பசை போட்டு ஒட்டலாம், ஒரு மாசம் நிக்கும். பேனல் மாத்துறதுதான் சரி. வர பத்து நாள் ஆகும்.”

“பத்து நாள் நான் என்ன தம்பி பண்றது? வேலை இருக்கே.”

“தொறக்காம யூஸ் பண்ணுங்க.”

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மானிட்டர் வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. “மானிட்டர், கீபோர்டு, மவுஸ் போட்டுட்டா இத எதுக்குத் தொறக்கணும்? மூடி ஓரமா வெச்சுடுங்க. டெஸ்க்டாப் மாதிரி ஓடும்.”

மூடினால் தூங்கிவிடுமே என்றேன். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஒரு கையால் திரையைத் தாங்கிக்கொண்டு ஆன் செய்தார். மேஜை இழுப்பறையிலிருந்து உடைந்த ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத் துண்டு ஒன்றை எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை டச்பேடுக்கு வலப்பக்கம், உள்ளங்கை வைக்கும் இடத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஒன்றும் ஆகவில்லை. இடப்பக்கம் கொண்டுவந்தார். விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஓரிடத்தில் காந்தம் வந்ததும் திரை குப்பென்று இருண்டது. மூடி முழுதாகத் திறந்திருக்கிறது, யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. விசிறிச் சத்தம் அடங்கியது. லேப்டாப் தூங்கிவிட்டது.

“அவ்ளோதான் சார் மூடி. அதுக்குத் தெரிஞ்சது இதுதான்.”

திரையின் சட்டத்துக்குள் ஒரு குட்டிக் காந்தம். அதற்கு நேர் கீழே, விசைப்பலகைப் பக்கத்தில் காந்தப்புலத்தை உணரும் ஒரு சில்லு. மூடும்போது இரண்டும் எதிரெதிரே வந்துவிடும். இதற்கு அடிப்படையான விளைவை எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879இல், ஆராய்ச்சி மாணவராக இருக்கும்போதே கண்டுபிடித்தார். மின்சாரம் ஓடும் தகட்டுக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால் தகட்டின் இரு ஓரங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். இன்றைக்கு அந்தச் சில்லையே ‘ஹால் சென்சார்’ என்கிறார்கள். பழைய லேப்டாப்புகளில் மூடியின் கீழே அமுங்கும் சிறு குமிழ் ஒன்று இருக்கும். அதன் வேலையைத்தான் இப்போது தொடாமலே இது செய்கிறது.

தம்பிக்கு இதில் ஒரு கதையும் இருந்தது. ஒரு கல்லூரி மாணவன், லேப்டாப் அடிக்கடி தானாகத் தூங்குகிறது என்று மூன்று முறை தூக்கிக்கொண்டு வந்தானாம். கடையில் வைத்துப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் விடுதி அறையில் எப்படி வைத்திருக்கிறாய் என்று போட்டோ கேட்டிருக்கிறார். நண்பனின் மூடிய லேப்டாப்பின் மேல் தன்னுடையதை வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். கீழே இருந்ததன் காந்தம் மேலே இருந்ததைத் தூங்கவைத்திருக்கிறது.

மூடியதாகத் தகவல் போவதைத் தடுக்க வேண்டாம். தகவல் வந்தால் என்ன செய்வது என்பதை மாற்றினால் போதும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், அதில் பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்க வரிசையில் ‘சூஸ் வாட் குளோஸிங் த லிட் டஸ்’. திறந்ததும் இரண்டு பத்திகள் தெரியும். ஒன்று ‘ஆன் பேட்டரி’, இன்னொன்று ‘பிளக்டு இன்’. இரண்டிலும் ‘ஸ்லீப்’ என்று இருந்தது. தம்பி பிளக்டு இன் பத்தியில் மட்டும் ‘டூ நத்திங்’ என்று மாற்றிச் சேமித்தார்.

“பேட்டரில மாத்தலையே?”

“அத தொடாதீங்க சார். மூடி பைல போட்டுக்கிட்டு கெளம்புவீங்க. அது பாட்டுக்கு உள்ள ஓடிட்டே இருக்கும். காத்து போக வழியில்லாம வெந்துடும். கரெண்ட்ல இருந்தா முழிச்சிருக்கணும், பேட்டரில இருந்தா தூங்கணும். அவ்ளோதான்.”

கணக்கு தெளிவாக இருந்தது. தலையாட்டினேன். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மானிட்டருக்கு இரண்டு கடை தள்ளிப் போனோம். கம்பெனிகள் கழித்துவிட்ட மானிட்டர்கள் சுவரோரம் புத்தகம்போல அடுக்கியிருந்தன. கடைக்காரர் முதலில் 27 அங்குல ஃபோர்-கே ஒன்றைக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. தம்பி கேபிளைச் செருகி மவுஸை வேகமாக ஒரு வட்டம் சுற்றச் சொன்னார். அம்புக்குறி வழுக்கிப் போகாமல், தத்தித் தத்திப் போனது. என் லேப்டாப்பில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 1.4. அந்தத் தலைமுறை ஃபோர்-கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்ப 2.0 வேண்டும். சினிமா பார்க்க 30 போதும். நாள் முழுக்க மவுஸைப் பிடித்திருப்பவனுக்குப் போதாது.

24 அங்குலத்தில், 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டதை எடுத்தேன். நாலாயிரத்து ஐநூறு ரூபாய். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓடவிட்டு, செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று தம்பி பார்த்தார். நான் என் பங்குக்கு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து ‘கற்றுக்கொண்டிருந்தான்’ என்ற சொல்லில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்திருந்தது. கேபிள் விஷயத்தில் கடைக்காரர் ஒரு சி-டைப் கேபிளைத் தள்ளிவிடப் பார்த்தார். தம்பி கண்ணைக் காட்டினார். சி-டைப் ஓட்டை எல்லாம் ஒரே வடிவம்தான், ஆனால் எல்லாவற்றிலும் படம் போகாது. லேப்டாப்பின் ஓட்டை படம் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும், கேபிளும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். போன் சார்ஜருக்கென்று வரும் கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜ் ஏற்றும், கொஞ்சம் டேட்டா கடத்தும், அதோடு சரி.

திரும்பி வந்தபோது கடையில் ஒரு பெண் மேக்புக்கோடு நின்றிருந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். மானிட்டரும் மவுஸும் கீபோர்டும் போட்டாயிற்று, மூடினால் அணைந்துபோகிறது என்றார். தம்பி திரும்பிப் பார்க்காமலே, “அக்கா, சார்ஜர் போட்டீங்களா?” என்றார். போடவில்லை. ஆப்பிள் இதை அமைப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும் விஷயமாக வைக்கவில்லை. மின்சாரம், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நாலும் இருந்தால் மூடியபடி ஓடும். மின்சாரத்தைப் பிடுங்கினால் தூங்கப்போகும். இன்னொரு விசேஷமும் உண்டு. எம்1, எம்2 சில்லு கொண்ட ஏர் மாடல்கள் வெளியே ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும். 2024இல் வந்த எம்3 ஏர் இரண்டை ஏற்கும், ஆனால் அதன் மூடியை மூடினால்தான். இரண்டாவது மானிட்டருக்கான இடத்தைத் தன் சொந்தத் திரையை அணைத்துக் கொடுக்கிறது. மறு வருடம் வந்த எம்4இல் அந்த நிபந்தனையும் போயிற்று.

மூடிய லேப்டாப்பை மேஜைக் கணினியாக்கும் ஆசை ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1992இல் ஆப்பிள் பவர்புக் டூவோ என்று ஒரு மெல்லிய லேப்டாப்பைக் கொண்டுவந்தது. அதற்கென்றே டூவோ டாக் என்ற பெட்டி. வீடியோ டெக்கில் கேசட்டைத் தள்ளுவதுபோல மூடிய லேப்டாப்பை அந்தப் பெட்டியின் வாயில் வைத்துத் தள்ளினால், உள்ளே இருக்கும் மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். பெட்டியின் தலையில் அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர். நாம் இன்று மூன்று கேபிளைக் கையால் செருகுவதை அது ஒரே விழுங்கில் செய்தது. செய்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரே வரி: சிஸ்டம்-டி இருக்கும் லினக்ஸ்களில், கூடுதலாக ஒரு மானிட்டர் இணைந்திருந்தால் மூடியைக் கண்டுகொள்ளாதே என்பதுதான் வரும்போதே உள்ள ஏற்பாடு. அவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் வரை வர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து மாலையில் மாட்டினேன். சார்ஜர், ஹெச்டிஎம்ஐ, கீபோர்டும் மவுஸும் சேர்ந்த ஒயர்லெஸ் ரிசீவர். மூடியை இறக்கினேன். இரண்டு திரையும் இருண்டன. இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை, வயிற்றைக் கலக்கியது. பிறகு மானிட்டரில் எல்லா ஜன்னல்களும் வந்து குவிந்தன. ஆனால் எழுத்துகள் கண்ணாடியில்லாமல் பார்ப்பதுபோல மங்கலாகத் தெரிந்தன. மானிட்டர் ஏமாற்றிவிட்டது என்று முதலில் அதைத் திட்டினேன். தவறு அதனுடையது இல்லை. லேப்டாப்பின் சின்னத் திரையில் எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெருக்கிக் காட்டும் அமைப்பு இருந்தது; மானிட்டருக்கு 100 போதும். ஏற்கெனவே திறந்திருந்த சில மென்பொருள்கள் பழைய அளவில் வரைந்த எழுத்தையே சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்தன. ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வந்ததும் புள்ளிகள் எல்லாம் தெளிந்தன. நிமிர்ந்து உட்கார்ந்து நாற்பது பக்கம் பார்த்தேன். கழுத்து என்று ஒன்று இருப்பதையே மறந்தேன்.

மறுநாள் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மூடிய லேப்டாப் மேஜையில் கிடந்தால் அது பார்வைக்கு ஒரு பலகை. பலகை என்றால் அதன் மேல் ஏதாவது வைக்கத்தானே தோன்றும்? அகராதிகள் இரண்டையும் வைத்தேன். அரைமணியில் விசிறி மாவு மில்லுபோல இரைய ஆரம்பித்தது. மே மாதம், மின்விசிறியின் காற்றே அனலாக அடிக்கும் நேரம். என் லேப்டாப் அடிப்பக்கத்தில் காற்றை இழுத்துக் கீல் பக்கமாக வெளியே தள்ளும். விசைப்பலகை வழியாகவும் கொஞ்சம் சூடு கசியும். மூடியிருக்கும்போது அந்த வழி அடைபட்டு, சூடு போய்த் திரையில் முட்டும். போதாக்குறைக்குக் கனமான புத்தகம் அழுத்தினால் விசைகளின் தடம் திரையில் விழும். அகராதிகளை எடுத்துவிட்டு, முன்பு அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புப் புத்தகத் தாங்கியில் லேப்டாப்பை நிற்கவைத்தேன். கீல் மேலே, காற்று இழுக்கும் அடிப்பக்கம் அறையைப் பார்த்து, மூடி சுவரைப் பார்த்து. இரைச்சல் அடங்கியது.

பேட்டரிக்கும் ஒரு வேலை இருந்தது. நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்து, நூறு சதவீதத்தில் நின்று, சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும். தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருளில் 80 சதவீதத்தோடு நிறுத்து என்று ஓர் அமைப்பு உண்டு, அதைப் போட்டேன்.

காலையில் எழுப்புவதுதான் வம்பு. ஆன் செய்யும் பொத்தான் மூடிக்குள்ளே இருக்கிறது, கைரேகை பார்ப்பதும் அதிலேயே. ஆகவே ஷட் டவுன் செய்வதை விட்டு இரவில் ஸ்லீப்பில் போடப் பழகினேன். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, கணினியை எழுப்ப அதற்கு அனுமதி கொடுத்துவிட்டால் எந்த விசையைத் தட்டினாலும் எழுந்துகொள்கிறது. கைரேகைக்குப் பதில் பின் எண். வீடியோ கால் வந்தால் மட்டும் முகம் காட்ட வழியில்லை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

நாலாம் நாள் மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான். மானிட்டர் மாட்டிய பிளக் அதில் சேராது. எதிரே கறுப்புக் கண்ணாடி. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். கீபோர்டில் சின்ன விளக்கு எரிந்து அணைந்தது. உள்ளே உயிர் இருக்கிறது. பார்க்காமலே கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினேன். கால்மணி கழித்து மின்சாரம் வந்தபோது விட்ட வரியிலேயே கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது, கோப்பும் சேமித்திருந்தது. நல்ல சாமான் என்று தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்த கைக்கு உறைத்திருக்க வேண்டும்: பேட்டரிக்கு மாறியும் இது தூங்கவில்லையே, ஏன்? உறைக்கவில்லை.

பேனல் வந்துவிட்டது என்று பதினோராம் நாள் போன் வந்தது. இரண்டு கேபிளையும் ரிசீவரையும் பிடுங்கினேன். ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது, அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன். உட்கார இடம் இல்லை. பையை மார்போடு அணைத்து நின்றேன். ரயிலில் ஏசி நன்றாகவே இருந்தது, ஆனால் எனக்கு மட்டும் நெஞ்சில் புழுங்கியது. வயசு ஐம்பத்திரண்டு, மனம் எங்கெங்கோ போகும். அரசினர் தோட்டத்தில் இறங்கி வெயிலில் நடந்தபோது புழுக்கத்தை வெயிலின் கணக்கில் எழுதினேன்.

தம்பி பைக்குள் கையை விட்டவர் சட்டென்று வெளியே எடுத்துக்கொண்டார்.

“சார், இது தூங்கவே இல்ல.”

லேப்டாப் அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த தோசையின் சூட்டில் இருந்தது. பாய் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டார்.

“பேட்டரிக்கு ஸ்லீப்னுதானே தம்பி வெச்சோம்?”

“அது மூடுற நேரத்துக்கு சார். நீங்க எப்ப மூடுனீங்க?”

பத்து நாளைக்கு முன்பு, சார்ஜர் மாட்டியிருந்தபோது. அந்த நொடியில் காந்தம் வந்து நின்றது. ‘ஒன்றும் செய்யாதே’ என்ற உத்தரவு பார்த்து அது ஒன்றும் செய்யவில்லை. இன்று கேபிளைப் பிடுங்கியபோது மூடி அசையவில்லை, ஆகவே யாரும் எதையும் கேட்கவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது. மூடியிருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மூடுகிறார்களா என்றுதான் பார்க்கிறது. மின்சாரம் போன அன்றைக்கு நடந்ததும் இதுவே.

தம்பி இரண்டு விரலால் மூடியை ஓர் அங்குலம் உயர்த்தி, மறுபடி இறக்கினார். மூச்சு வாங்குவதுபோல இரைந்துகொண்டிருந்த விசிறி மெல்ல இறங்கி நின்றது.

“ஒண்ணு, இப்படி ஒரு தடவ தொறந்து மூடணும். இல்லன்னா, கேபிள புடுங்கறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்ல போயி ஸ்லீப் குடுத்துட்டு, மானிட்டர் அணைஞ்சதும் புடுங்குங்க. ஒங்க ஹிஞ்சுக்கு ரெண்டாவதுதான் நல்லது.”

ஆறட்டும் என்று அரைமணி காத்திருந்து பேனலைப் பிரித்தார். பழையதைக் கழற்றி மேஜையில் வைத்தபோது அதன் மூலையில் பிய்ந்துபோன பித்தளைக் குழாய் இரண்டு, பால்பல் விழுந்த ஈறுபோல. புதியதை உறையிலிருந்து எடுத்தார். என் லேப்டாப் கறுப்பு. பேனல் வெள்ளி நிறத்தில் இருந்தது.

“கறுப்பு வரல சார். அதே மாடல்தான், கச்சிதமா உக்காரும். நீங்கதான் மூடியே வெச்சிருக்கீங்களே, கலர்ல என்ன இருக்கு?”

“மூடி வெச்சா தெரியப்போறதே அந்தப் பேனல்தானே தம்பி?”

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு நொடி யோசித்தார். கல்லாவில் பாய் சிரித்துவிட்டார். புத்தகத் தாங்கியில் மூடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சுவர்ப் பக்கம். மாட்டுங்கள் என்றேன்.